குருத்து ஞாயிறும் சாத்திய கதவும்

என் மாமியார் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்தார் என்று நினைக்க வேண்டாம். நடுவில் திரு இருதய ஆண்டவரை வைத்துக்கொண்டு பேசினார்.

எங்கள் வீட்டு முன்னறையில், வாசலைப் பார்த்த சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்ட திரு இருதய ஆண்டவர் படம் மாட்டியிருந்தது. அதன் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு எப்போதும் எரியும். அத்தை எனக்குச் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.

"ஆண்டவரே, குழாயில தண்ணி வந்து அரை மணி நேரமாச்சு. இந்த வீட்டுல காது கேக்குறவுக யாராச்சும் இருக்காகளான்னு பாரும்."

நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

"ஆண்டவரே, ரசத்துல உப்பு கூடிப்போச்சு. எனக்கு ஒண்ணுமில்ல, நான் எதையும் தின்னுக்கிருவேன். எம்மகன் நாக்குத்தேன் செத்துப்போகும்."

என் கணவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சட்டை மாட்டுவார். வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகச் சொல்வார்: "ஆண்டவரு பாவம். ஞாயித்துக்கிழமைகூட அவருக்கு லீவு கெடையாது." எனக்குச் சிரிப்பு வரும். சிரித்த பிறகு அழுகையும் வரும்.

அத்தையின் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். என் கணவருக்கு மோட்டார் காயில் கட்டும் வேலை. பழங்காநத்தத்தில் ஒரு கடையில் இருந்தார். டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் புகைந்துபோனபோது அதைக் கழற்றிக்கொண்டு போக வந்தார். திரும்ப மாட்ட வந்தார். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வந்தார். அப்புறம் நன்றாக ஓடுகிற மோட்டாரைப் பார்க்கவும் வந்தார். இப்படித்தான் எங்கள் கல்யாணம் ஆனது. ஆனால் அத்தை தன் தம்பி மகளை எடுப்பதாகப் பல வருடங்களுக்கு முன்பே தம்பியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அத்தைக்குக் கூடப்பிறந்தவர் அந்தத் தம்பி ஒருவர்தான். எங்கள் கல்யாணத்தோடு அவர் அக்கா வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

நான் பிறந்த வீட்டில் கும்பிட்டது முனியாண்டி சாமியை. கன்னியர் மடத்தில் ஆறு மாதம் செபங்களும் ஞான உபதேசமும் படித்து, ஞானஸ்நானம் வாங்கி, அப்புறம்தான் கோயிலில் தாலி கட்டிக்கொண்டேன். என் பக்கத்திலிருந்தும் யாரும் வரவில்லை. ஆகவே எனக்கு இருந்தது அந்த ஒரு வீடுதான்.

நான் பேச்சுக்காரி இல்லை. பத்தாம் வகுப்புவரை படித்தேன். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கப் பாட்டுக்குக் கடைசி வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைப்பேன். மளிகைக் கடையில் நாலு பேர் நின்றால் அவர்கள் போகும்வரை காத்திருந்து வாங்குவேன். அப்படிப்பட்டவள் போய் அத்தையின் முன் நின்று "என்னோடு பேசுங்கள்" என்று எப்படிக் கேட்பேன்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் தொடங்கியபோது எனக்கு நாலு மாதம். எழுபதுகளின் கடைசி. வயிற்றில் பிள்ளை வந்த பிறகு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இந்த வீட்டில் பிறக்கிற பிள்ளை கண் திறந்து பார்க்கும்போது, அப்பத்தா சுவரைப் பார்த்துப் பேசுவதும் அம்மா ஓடுவதுமாக இருக்கும். பேச்சு என்றால் அதுதான் என்று நினைத்துக்கொள்ளும். பிள்ளை பிறப்பதற்குள் அத்தை என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தவசு நாற்பது நாளும் இதைத்தான் வேண்டினேன். எந்தப் படத்தின் முன்னால் வேண்டுவது என்பதில்தான் சங்கடம். முன்னறைப் படம் அத்தையின் ஆள் மாதிரி எனக்குத் தோன்றும். அதனால் அடுப்படியில் நின்று பொதுவாகக் கேட்டேன்.

தவசு காலத்தில் அத்தை பாடுவார். முன்னறையில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கியபடி, குருத்து ஞாயிற்றுப் பாட்டை முதல் அடியிலிருந்து கடைசிவரை பாடுவார்.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு குருத்து ஞாயிறு. ஆண்டவர் கழுதை மேல் ஏறி எருசலேமுக்குள் வந்தபோது சனங்கள் மரக்கிளைகளைப் பிடித்துக்கொண்டு எதிர்கொண்டதை நினைத்து, நாங்கள் தென்னங்குருத்து பிடித்துப் பவனி வருவோம். பவனி கோயிலுக்குத் திரும்பி வரும்போது பெரிய கதவு சாத்தியிருக்கும். உள்ளே ஒருவரோ இருவரோ நிற்பார்கள். அவர்கள் உள்ளிருந்து ஒரு சரணம் பாட வேண்டும். வெளியே நிற்கிற சனங்கள் எல்லாரும் பல்லவியைப் பதிலாகப் பாட வேண்டும். இப்படி ஆறு சரணம். முடிந்ததும் சாமியார் சிலுவையின் அடிக்கட்டையால் கதவை மூன்று தட்டுத் தட்டுவார். அப்புறம்தான் கதவு திறக்கும். பல கோயில்களில் இந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பங்குக் கோயிலில் விடவில்லை.

பாட்டு ஒரு காலத்தில் லத்தீனில் இருந்ததாம். பிறகு வார்த்தையைத் தமிழாக்கி, மெட்டை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதற்குத் தாளம் கிடையாது. ஆர்மோனியமும் கிடையாது. மூச்சு எவ்வளவு நேரம் நிற்கிறதோ அதுதான் அளவு. சினிமாப் பாட்டும் கும்மிப் பாட்டும் கேட்டு வளர்ந்த எனக்கு முதலில் அது பாட்டாகவே தெரியவில்லை. ஒருவர் யோசித்து யோசித்துப் பேசுவது போல இருந்தது. இரண்டு தவசு கேட்ட பிறகு, அடுப்படியில் நிற்கும்போது என் மூச்சும் அத்தையின் மூச்சோடு ஏறி இறங்குவதைக் கவனித்தேன்.

உள்ளே நின்று பாடுவது ஆண்கள்தான். அத்தையின் அப்பா பல வருடம் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று பாடியவராம். அவரை அத்தை 'அய்யா' என்பார். அத்தைக்கு வெளியே இடம். பெண்கள் பக்கத்துக்குப் பல்லவியை எடுத்துக் கொடுப்பது அவர்தான். அவர் குரல் எழும்பினால்தான் மற்றப் பெண்களுக்குக் குரல் வரும்.

ஒவ்வொரு சரணத்திலும் மூன்றாம் அடி நேராகக் கீழே இறங்க வேண்டும். அத்தை இறங்குவதற்கு முன் ஒரு சின்ன வளைவு வளைப்பார். மேலே ஏறுவது போல ஏறி, மனதை மாற்றிக்கொண்டது போல இறங்குவார். கோயிலில் வேறு யாரும் அப்படிப் பாடுவதில்லை. எல்லாரும் சேர்ந்து முழுப் பாட்டையும் பழகும்போது, கோயிலில் செபமும் பாட்டும் சொல்லித்தரும் உபதேசியார் ஒவ்வொரு வருடமும் நிறுத்திச் சொல்வாராம்:

"அந்த எடத்துல வளைவு கெடையாதும்மா."

"எங்க அய்யா அப்பிடித்தேன் பாடுனாரு. லத்தீன்ல பாடும்போதே வளைச்சுத்தேன் பாடுனாரு. தமிழுக்கு மாத்துனவுக எங்க அய்யாவைக் கேட்டா மாத்துனாக."

"புத்தகத்துல இல்லையேம்மா."

"எங்க அய்யா பாடிக் கேட்டது புத்தகமா, நானா."

உபதேசியார் அதற்கு மேல் பேச மாட்டாராம். இதைக் கணவர் நடித்துக் காட்டுவார்.

குருத்து ஞாயிறு வந்தது. பங்குனி வெயில் காலை ஏழரை மணிக்கே உறைத்தது. ஓலை மந்திரித்து பவனி கிளம்புவது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மைதானத்திலிருந்து. "நீ நடக்க வேணாம், கோயில்லயே உக்காரு" என்று கணவர் சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அதுதான் வசதி. அத்தை பெண்களுக்கு முன்னால் நடக்கும்போது நான் எங்கே நடப்பது என்று ஒவ்வொரு பவனியிலும் எனக்குத் தெரியாமல் போகும்.

கோயிலுக்குள் நானும், உள்ளே நின்று பாட ஏற்பாடு செய்திருந்த இரண்டு வாலிபர்களும் மட்டும் இருந்தோம். ஒருவர் மில் தொழிலாளி, இன்னொருவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். இருவரும் என் கணவருக்குப் பழக்கம். பவனி கிளம்பும் கொட்டுச் சத்தம் தூரத்தில் கேட்டதும் மில்காரர் என்னிடம் வந்தார்.

"மதினி, இப்பத்தேன் கெளம்புறாக. பெரிய ரோட்டைச் சுத்தி வர முக்கா மணி நேரம் ஆகும். தொண்டை காஞ்சு கெடக்கு. ஒரு டீ குடிச்சிட்டு ஓடியாந்துர்றோம்."

"பூசைக்கு முன்னாடி டீ குடிக்கலாமா?" என்று கேட்டேன். புதிதாகப் படித்தவள் இல்லையா, நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்கும்முன் எதுவும் குடிக்கக் கூடாது என்பது போன்ற விதிகள் எனக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கும்.

"நன்மை வாங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி குடிச்சாத் தப்பில்ல மதினி. அதனாலதேன் இப்பவே போறோம்."

சைக்கிள் கடைக்காரர் பின்னாலிருந்து சொன்னார்: "பெரிய கதவுக்கும் பக்கத்துக் கதவுக்கும் தாப்பாப் போட்டுக்கங்க. போன வருசம் ஆடு உள்ள பூந்து பீடத்து ஓலையத் தின்னுபுடுச்சு. நாங்க வந்து பக்கத்துக் கதவைத் தட்டுறோம்."

போனார்கள். நான் இரண்டு கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டேன். கோயில் உள்ளே இருட்டிவிட்டது. பச்சை ஓலை வாசனையும் மெழுகு வாசனையும் மட்டும் இருந்தன. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். வயிற்றில் பிள்ளை அப்போதுதான் அசையத் தொடங்கியிருந்த நாட்கள். அதோடு பேசிக்கொண்டிருந்தேன்.

எங்களில் யாருக்கும் தெரியாத ஒன்று நடந்திருந்தது. பெரிய ரோட்டில் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் பந்தல் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். அதனால் சாமியார் பவனியைக் குறுக்குச் சந்து வழியாகத் திருப்பிவிட்டார். முக்கால் மணி நேரம் ஆக வேண்டிய பவனி கால் மணி நேரத்தில் வந்துவிட்டது.

கொட்டுச் சத்தம் பக்கத்தில் கேட்டபோது எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு நூற்றுக்கணக்கான கால்கள் மணலில் தேய்கிற சத்தம் கதவு வரைக்கும் வந்து நின்றது. கொட்டும் நின்றது. கதவின் கீழ் இடுக்கில் இருந்த வெளிச்சக் கோடு நிழல்களால் துண்டு துண்டானது. இப்போது உள்ளிருந்து பாட்டு வர வேண்டும்.

பக்கத்துக் கதவைப் பார்த்தேன். யாரும் தட்டவில்லை.

வெளியே உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். அது தொடங்கச் சொல்லும் அடையாளம். சற்றுப் பொறுத்து மறுபடியும் கனைத்தார். சாமியாரின் குரல் கேட்டது.

"உபதேசியாரே, உள்ளே ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க சாமி. ரெண்டு பயலும் தூங்கிட்டாய்ங்களோ என்னமோ."

யாரோ சிரித்தார்கள். ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. எழுந்து கதவருகே போனேன். திறந்துவிடுவதுதான் சரி என்று பட்டது. திறந்து, இப்படி ஆகிவிட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் திறந்தால் அவ்வளவு பேருக்கும் முன்னால் நான் மட்டும் நிற்பேன். வழக்கம் தெரியாதவள் வந்து குருத்து ஞாயிற்றைக் கெடுத்தாள் என்று ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சை அத்தை சாகும்வரை தாங்க வேண்டும். அதன் பிறகு ஆண்டவர் படம் வழியாகக்கூட என்னிடம் பேச மாட்டார். இதையெல்லாம் நினைத்தபடியே தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

அப்போது வெளியே அத்தையின் குரல் கேட்டது. கதவுக்கு மிகப் பக்கத்தில் இல்லை, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"ஏய், உள்ள யாரா இருந்தாலும் சரி. பாடாமக் கதவைத் தொறந்துராதீக. அம்புட்டுத்தேன் சொல்லுவேன்."

கையை எடுத்துவிட்டேன். உள்ளே நிற்பது யார் என்று தெரியாமல், நடுவில் யாரையும் வைக்காமல், அத்தை என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இரண்டு வருடமாக அவர் சொன்னதை உடனே செய்து பழகியவள் நான். குடத்தை எடுத்துக்கொண்டு ஓடியது மாதிரியே, யோசிக்காமல், பாடத் தொடங்கினேன்.

முதல் அடி எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் அடியில் கோயிலின் மேல்கூரை என் குரலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. முன்னால் ஒரு முகமும் இல்லை. வெறும் கதவுப் பலகையும், அதில் ஒரு முடிச்சும்தான் இருந்தன. அந்த மரமுடிச்சைப் பார்த்துக்கொண்டே பாடினேன். அவ்வளவு சனங்கள் கேட்க நான் பாடியதற்குக் காரணம் அந்தக் கதவுதான். அது திறந்திருந்தால் ஒரு எழுத்துக்கூட வந்திருக்காது.

மூன்றாம் அடி வந்தது. எனக்கு அதை ஒரு விதமாகத்தான் தெரியும். ஏறி, வளைத்து, இறங்கினேன்.

சரணம் முடிந்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. பெண் குரல் வந்ததில் திகைத்திருப்பார்கள். பிறகு உபதேசியார் பல்லவியைத் தொடங்கினார், ஆண்கள் சேர்ந்துகொண்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. அத்தை பாடினால்தானே மற்றவர்கள் பாடுவார்கள். அத்தை பாடவில்லை.

கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்திருக்க முடியாது. இரண்டு வருடத்தில் என் குரலை அவர் சரியாகக் கேட்டதே இல்லை. ஆனால் அந்த வளைவு யாருடையது என்று அவருக்குத் தெரியும். அது அவர் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்திருக்க முடியும். அவர் அய்யாவின் சொத்தை நான் கேட்காமல் எடுத்துவிட்டேன்.

நிறுத்தவும் முடியாது. இரண்டாம் சரணம், சிறுபிள்ளைகள் ஓலை பிடித்து வந்ததைச் சொல்கிற சரணம். பாடினேன். மூன்றாம் அடி வந்தபோது நேராக இறங்கிவிடலாம் என்று பார்த்தேன். தொண்டை கேட்கவில்லை. அது மறுபடியும் வளைந்தது.

இந்தத் தடவை ஆண்கள் தொடங்குவதற்கு முன்பே பல்லவி வந்தது. அத்தையின் குரல். முன்பு இருந்த இடத்தில் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்திருக்க வேண்டும். கதவுக்கு நேர் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பலகையில் கை வைத்திருந்தேன், கையில் அதிர்வு தெரிந்தது. அவருக்குப் பின்னால் எல்லாப் பெண்களும் பாடினார்கள்.

மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. நான் ஒன்று சொல்ல அத்தை ஒன்று சொன்னார். ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருந்து நாங்கள் பேசிக்கொள்ளாததை எல்லாம் அந்த ஆறு சரணத்தில் பேசிவிட்டோம் என்று பெரிதாகச் சொல்ல வரவில்லை. பேசியது ஆண்டவரைப் பற்றித்தான். ஆனால் நான் முடிக்கும்வரை அவர் காத்திருந்தார், அவர் முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். அது எங்களுக்குப் புதிது.

சிலுவையின் கட்டை மூன்று முறை கதவில் இடித்தது. தாழ்ப்பாளை நீக்கினேன். வெயில் முகத்தில் அடித்தது. சிவப்புப் போர்வையில் சாமியார் வியர்த்து நின்றார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனார். என் கணவர் வாயைத் திறந்தபடி நின்றார். அத்தை கையில் ஓலையோடு வாசற்படியில் இருந்தார். அவர் கண் சிவந்திருந்தது. நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவர் உள்ளே போகவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"மூணாவது அடியில மூச்சை முழுங்குற," என்றார்.

அத்தை ஓலையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வளைக்கிறதுக்கு முன்னாடி மூச்சு எடுத்துக்கிறணும். வளைச்சிட்டு எடுத்தா அறுந்துபோகும். எங்க அய்யா மூச்சு எடுத்தா பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடத் தெரியாது."

"சரி அத்தை."

"வெறும் வயித்தோடயா நின்னு பாடுன?"

"கஞ்சி குடிச்சேன் அத்தை."

"என்ன கஞ்சி, எம்புட்டுக் குடிச்ச. உள்ள வந்து உக்காரு. நிக்காத."

என் கையைப் பிடித்து, பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில், தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அன்று ஆண்டவர் பட்ட பாடுகளின் வாசகம் நீளமானது. எல்லாரும் எழுந்து நிற்கும்போது நானும் எழுந்தேன். அத்தை தோளை அமுக்கி உட்கார வைத்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது உபதேசியார் அந்த இரண்டு வாலிபர்களையும் சுவரோரம் நிற்க வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஓடி வந்தபோது உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டதாம். பக்கத்துக் கதவைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டார்களாம்.

"நாங்க இல்லைன்னதும் மோட்சத்துல இருந்து சம்மனசு எறங்கி வந்து பாடுதுன்னு நெனச்சோம். மாப்ள முழங்கால் போட்டுட்டான்," என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"சம்மனசு வராம என்ன செய்யும்? அது டீ குடிக்கப் போகாதுல்ல," என்றார் உபதேசியார். பிறகு என்னிடம் திரும்பினார். "நல்லாப் பாடுனம்மா. ஆனா மூணாவது அடியில அந்த வளைவு..."

"உபதேசியாரே," என்றார் அத்தை. "இனிமே நாங்க ரெண்டு பேரு வளைக்கிறோம். நேராப் பாடுறது நீங்க ஒருத்தருதேன். பாத்துக்கங்க."

வீட்டுக்கு வந்ததும் அத்தை பழக்கத்தில் படத்தின் முன் போய் நின்றார். "ஆண்டவரே, வெயில்ல வந்துருக்கோம், மோரு இருக்கான்னு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "மோரு இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். அன்று மத்தியானம் குருத்தைக் கிழித்துச் சிலுவை பின்னினார். வருடா வருடம் வீட்டில் ஆளுக்கு ஒன்று பின்னிப் படத்துக்குப் பின்னால் செருகுவார். போன இரண்டு வருடமும் இரண்டு சிலுவை இருந்தது. அந்த வருடம் நாலு இருந்தது. கணவர் எண்ணிப் பார்த்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்.

அதோடு எல்லாம் இனிப்பாகிவிடவில்லை. அத்தையின் தம்பி அக்கா வீட்டுக்கு வர இன்னும் ஏழு வருடம் ஆனது. என் பெற்றோர் என் மகள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் வந்தார்கள். அத்தையும் மாறிவிடவில்லை. முன்பு ஆண்டவரிடம் சொன்னதை எல்லாம் என்னிடம் நேராகச் சொன்னார், அவ்வளவுதான். நேராகக் கேட்டால் இன்னும் உறைத்தது. ஆனால் நேராகச் சொல்வதற்கு நேராகப் பதில் சொல்லலாம். நானும் மெதுவாகச் சொல்லப் பழகினேன். கடையில் நாலு பேர் நிற்கும்போதே சாமான் கேட்கவும் பழகினேன். ஆவணியில் மகள் பிறந்தபோது எங்கள் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை.

அடுத்த வருடம் சாமியாரே அத்தையைக் கூப்பிட்டு, மருமகளோடு நீங்களும் உள்ளே நின்று பாடுங்கள் என்றார். அத்தைக்கு அந்த இடத்தின் மேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். இருவரும் கதவுக்குப் பின்னால் நின்று பாடினோம். அருமையாகத்தான் இருந்தது. அன்று அத்தையும் நானும் சேர்ந்தே வீடு திரும்பினோம். வாய்க்கால் பாலம் தாண்டிய பிறகு அத்தை சொன்னார்:

"அடுத்த வருசம் நீ மட்டும் உள்ள நில்லு. நான் வெளிய நிக்கிறேன்."

"ஏன் அத்தை, நல்லாத்தானே இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சு. ஆனா உள்ள நின்னா ஒண்ணும் கேக்கல. சின்னப் புள்ளையில இருந்து வெளிய நின்னுதேன் கேட்டுருக்கேன். போன வருசம் நீ பாடும்போது, மூணாவது அடியில, ஒரு நிமிசம் எங்க அய்யாதேன் உள்ள நிக்கிறாருன்னு நெனச்சுட்டேன். வாயே வரல எனக்கு. அது வெளிய நின்னாத்தேன் கேக்கும்."

முதல் சரணத்துக்கு அத்தை ஏன் பதில் பாடவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வருடமாக அதைக் கோபம் என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு பல வருடம் நான் உள்ளே, அவர் வெளியே. கடைசி இரண்டு வருடம் நடக்க முடியாமல் பவனிக்குப் போகவில்லை. கதவுக்கு நேராக ஒரு நாற்காலி போட்டு, அதில் உட்கார்ந்து பதில் பாடினார். ஒரு வருடம்கூட என்னைப் பாராட்டியதில்லை. கதவைத் திறந்ததும் மூச்சைப் பற்றி ஏதாவது ஒரு குறை சொல்வார். அந்தக் குறைக்காகவே கதவைத் திறப்பேன்.

அத்தை இப்போது இல்லை. திரு இருதய ஆண்டவர் படம் அதே சுவரில் இருக்கிறது. பல்பை மட்டும் நாலைந்து முறை மாற்றினோம். குருத்து ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சிலுவையைப் பின்னிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து அதன் முன் நிற்பேன்.

"ஆண்டவரே, மூணாவது அடியில மூச்சு சரியா எடுத்தேனான்னு அத்தைகிட்டக் கேட்டுச் சொல்லும்" என்பேன்.